லூர்த்தம்மாவின் விரல்

என் மாமி லூர்த்தம்மாவை வாய்ச்சண்டையில் வென்றவர் குருநகரில் இல்லை. மருமகள் நானே சொல்கிறேன், நம்பலாம். மாமா கடலோடு போன பிறகு மீன் விற்றே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். விடியச் சந்தை ஏலத்தில் மீன் எடுத்து, பஸ்ஸில் மானிப்பாய்க்குக் கொண்டுபோய் வீடு வீடாக விற்பார்.

எங்கள் ஏலத்தில் வாய் திறந்து விலை கேட்பவர் ஏமாளி. பக்கத்தில் நிற்பவர் உடனே ஏற்றிவிடுவார். ஒரு விரலை மெல்ல உயர்த்தினால் போதும், ஏலம் கூறும் கிறிஸ்ரோபர் அண்ணை கண்டுகொள்வார். மீன் வேண்டாமென்றால் சிலைபோல் நிற்க வேண்டும். அசைந்தால் குவியல் நம் தலையில்தான்.

அந்த இடத்தில் நிற்கிற மாமிக்குத்தான் கை நடுங்கத் தொடங்கியது. ஒருநாள் முந்தானையைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார், விரல்கள் ஆடின, ஒருவரும் சீண்டாத கிளாத்தி மீன் குவியல் அவர் பெயரில் விழுந்தது. ஏலத்தில் விழுந்ததை மறுக்கும் வழக்கம் இல்லை. அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் கிளாத்திக் குழம்பு. மறுபடியும் அப்படியே நடந்தபோது கிறிஸ்ரோபர் அண்ணை எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"லூர்த்தக்காவின்ரை கையை இனி நான் பாக்கமாட்டன். வேணுமெண்டா வாயால கேக்கட்டும்."

இரக்கத்தில் சொன்னார்தான். ஆனால் மாமி வாயைத் திறந்தாலே மற்றவர்கள் விலையை ஏற்றினார்கள். வெறும் ஓலைக்கடகத்தோடு வீடு வந்து, ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார். அந்த வாய் அடங்கியதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

எந்த மருந்துக்கும் நடுக்கம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுக்கும் இடத்தில் டாக்டர் கஜானி விளக்கினார்:

"அம்மா, மூளைக்குள்ள ஆழத்தில பயறளவு இடம் ஒண்டு இருக்கு. அதுக்கு மெல்லிய கம்பி வைச்சு மின்சாரம் குடுத்தா நடுக்கம் அடங்கும். ஆனா சாதாரணப் படத்தில எல்லாம் ஒரே சாம்பல் நிறம், அந்த இடம் தனியத் தெரியாது. நாங்கள் நுணுக்கமா எடுக்கப்போறம். கம்பி கொஞ்சம் தள்ளிப்போனாலும் பேச்சுக் குழறும்."

"ஐயோ, என்ரை வாயோ? வடிவா எடு பிள்ளை!" என்றார் மாமி.

ஸ்கான் குழாய்க்குள் சும்மா படுத்தபோது கை நடுங்கவில்லை. ஆனால் படம் கலங்கிய தண்ணீருக்குள் பார்த்ததுபோல் வந்தது. ஏன் அசைந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"ஆர் அசைஞ்சது? நான் செபமாலையெல்லோ சொன்னனான்."

உதடு அசைந்தால் தாடை அசையும், தாடையோடு தலையும் அசையும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அடுத்த படமும் கலங்கியது. அந்த இயந்திரம் போடுகிற சத்தத்தில் மாதாவைக் கூப்பிடாமல் இருக்க அவரால் முடியவில்லை. இன்னும் ஒருமுறைதான், அதுவும் சரிவராவிட்டால் கொழும்புக்கு அனுப்பி மயக்கித்தான் எடுக்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். குழாய்க்குள் இருப்பவரோடு பேசும் ஒலிவாங்கியை நான் கேட்டு வாங்கினேன்.

"மாமி, கிறிஸ்ரோபர் அண்ணை முன்னால நிக்கிறார். முழுக்கக் கிளாத்தி. அசைஞ்சீங்களோ, உங்கடை தலையிலதான்!"

அதன் பிறகு மாமி மூச்சு விட்டதுகூடத் தெரியவில்லை. இயந்திரம் தட்டியது, உறுமியது, அவர் அசையவேயில்லை. திரையில் படம் ஒவ்வொரு அடுக்காகத் தெளிந்து வந்தபோது டாக்டர் கஜானி கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். பிறகு அந்தச் சிறிய இடத்தைச் சுற்றி நிறக்கோடு போட்டு மாமிக்குக் காட்டினார். மாமி அதை முறைத்துப் பார்த்தார்.

"உதோ எனக்குக் கிளாத்தி வாங்கித் தந்தது?"

அந்தப் படத்தை வரைபடமாக வைத்துத்தான் கொழும்பில் சத்திரசிகிச்சை செய்தார்கள். மாமி விழித்திருக்கும்போதே கம்பியை இறக்கி, மின்சாரம் கொடுத்து, ஒரு விரலை உயர்த்தச் சொன்னார்களாம். விரல் நேராக நின்றதாம். "பேசுங்கோ அம்மா" என்று பேச்சுக் குழறுகிறதா எனப் பார்க்கக் கேட்ட அங்குள்ள டாக்டர், பிறகு நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்.

காயம் ஆறியதும் சந்தைக்குப் போனோம். முதலில் கிளாத்தி. கிறிஸ்ரோபர் அண்ணை கூறிக்கொண்டிருக்க, மாமி வேண்டுமென்றே கையை உயர்த்தி முந்தானையைச் சரிசெய்தார். ஒரு விரலும் ஆடவில்லை. குவியல் வேறு யாருக்கோ போனது.

அடுத்தது பாரை, கண் பளிச்சென்ற புதுப் பாரை. பழக்கதோஷத்தில் கிறிஸ்ரோபர் அண்ணையின் பார்வை மாமியைத் தாண்டிப் போனது. மாமி வாய் திறக்கவில்லை. ஒரு விரலை உயர்த்தினார். தாண்டிய பார்வை திரும்பி வந்து அந்த விரலில் நின்றது. வாயால் கேளுங்கள் என்று அவர் சொல்லவில்லை. உரத்துக் கூறினார்:

"ஒருதரம்... ரண்டுதரம்... மூண்டுதரம். லூர்த்தக்காவுக்கு!"

மீன் சந்தையில் யாராவது கைதட்டுவார்களா? நான் தட்டினேன். மாமி விரலை இறக்கவேயில்லை.

"இறக்குங்கோ அக்கா," என்றார் கிறிஸ்ரோபர் அண்ணை, "அடுத்த குவியலும் உங்களுக்குப் போகப்போகுது."

"போகட்டும்" என்றார் மாமி.