வலக்கைப் பக்கம் கடல்

எனக்குப் பத்து வயதானபோது அப்பா ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். புனேயில், விஷ்ராந்த்வாடியில் எங்கள் கட்டடத்திலிருந்த மற்ற தமிழ்க் குடும்பங்கள் மே மாதம் வந்ததும் ரயிலேறி ஊருக்குப் போய்விடும். நாங்கள் மட்டும் போகமாட்டோம். விளையாட ஆளில்லாமல் நான் மாடிப்படியில் உட்கார்ந்து யாருடைய பூட்டு பெரியது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நாம் ஏன் போவதில்லை என்று கேட்டால், அங்கே வெயில் அதிகம் என்பார் அப்பா. புனேயில் அந்த மாதம் என்னவோ பனி கொட்டியது போல.

கார் வந்த வருடம், கொங்கணக் கடலோரம் போய் வரலாம் என்றார். தாபோலி வழியாகக் கடலுக்கு இறங்கி, கடலை ஒட்டிய சாலையில் குஹாகர் வரை போய், ஓர் இரவு தங்கிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். முன்னால் அப்பாவும் அம்மாவும், பின்னால் நானும் தண்ணீர்க் கேனும். செம்மண் சாலை முந்திரி மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போயிற்று. ஒரு வளைவில் கடல் சட்டென்று கீழே தெரியும், அடுத்த வளைவில் காணாமல் போகும். ஒவ்வொரு முறையும் நான் கத்தினேன். அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி பேசாமல் வந்தாள். எங்கள் வீட்டில் பொதுவாகவே பேச்சு குறைவு. என் தமிழும் பாதி ஹிந்தி.

தாபோலியைத் தாண்டி, தாபோல் என்ற ஊரில் கழிமுகத்தைக் கடக்க வேண்டும். கார்களையும் லாரிகளையும் ஏற்றிப் போகும் தட்டைப் படகு ஒன்று உண்டு. அதில் எங்களுக்கு முன்னால் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு மீன் லாரி நின்றது. அதன் பின்கதவில் தமிழில் ஏதோ எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. அம்மா படித்தாள். படித்துவிட்டு, அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல், கதவைத் திறந்துகொண்டு போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

லாரிக்காரர் கைலி கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும், "பைய வா மக்களே, வழுக்கும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மக்களே என்பது என்னைக் கூப்பிட என் அம்மா தானே உண்டாக்கிய சொல் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

அவருக்கு ஊர் மார்த்தாண்டம். அம்மாவுக்குப் பக்கத்திலேயே குளச்சல். அவ்வளவுதான், அம்மா வேறு யாரோ ஆகிவிட்டாள். கையை ஆட்டினாள், சிரித்தாள், அவர் முடிக்கும் முன்பே அடுத்ததைக் கேட்டாள். அத்தனை வேகத் தமிழில் எனக்குப் பாதி புரியவில்லை. அவளது முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றேன்.

பேச்சு மெதுவானபோதுதான் மறுபடி காதில் விழுந்தது. குளச்சல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் ஒருவரைத் தெரியுமா என்று அம்மா கேட்டாள். தெரியாமல் என்ன, அங்கேதான் வண்டிக்கு ஐஸ் போடுவோம் என்றார் அவர். சித்திரையில் அந்த வீட்டில் மூத்த மகளுக்குக் கல்யாணமாம். தெரு முழுக்க விளக்காம். ஒரு சொந்தம் பாக்கியில்லாமல் வந்திருந்தார்களாம்.

"நீங்க அவியளுக்குச் சொந்தமா அக்கா?"

"இல்ல. ஒரே தெருவு."

"நான் வியாழக்கிழம அங்க நிப்பேன். எதுவும் சொல்லணும்னா சொல்லுங்க."

அம்மாவின் வாய் திறந்தது. அக்கரை நெருங்கிவிட்டது, வண்டிகள் எல்லாம் உறுமத் தொடங்கின. "ஒண்ணும் வேண்டாம், சும்மா கேட்டேன்" என்றாள். பிறகு, இந்தச் சாலையிலேயே போனால் ஊர் வருமா என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "நான் ஹைவேயில போவேன். ஆனா கடல வலக்கைப் பக்கம் விட்டுக்கிட்டே போனா, நம்ம ஊருதான் பாத்துக்கிடுங்க."

குஹாகரில் அறை எடுத்து, கடற்கரையில் கால் நனைத்தோம். அம்மா அப்பாவிடம் இன்னும் கொஞ்சம் போகலாமா என்றாள். அவள் அவரிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா காரை ஒரு டீக்கடையில் நிறுத்தி வழி விசாரித்தார். தெற்கே போகும் சாலை ஒரு கழிமுகத்தில் முடிந்துவிடும், அங்கே ஆட்கள் போகச் சின்னப் படகுதான் உண்டு, வண்டி போகாது என்று கடைக்காரர் மராத்தியில் தெளிவாகச் சொன்னார். பள்ளிக்கூடத்து மராத்தி எனக்கு நன்றாகவே வரும். அம்மாவுக்கு வராது. அப்பா தலையாட்டிவிட்டு, எனக்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்து, காரைத் தெற்கே விட்டார்.

நான் சொல்லலாமா என்று இருந்தேன். கேட்க யாரும் திரும்பவில்லை. ஊர்கள் வந்தன, தென்னந்தோப்புகள் வந்தன, ஒரு கோயில் வந்தது. வலப்பக்கம் கடல் கூடவே வந்தது. அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா ஒவ்வொரு ஊரின் பெயரையும் வாசித்துச் சொன்னார், அவளும் அதைத் திருப்பிச் சொன்னாள்.

வெயில் சாயும் நேரத்தில் சாலை தண்ணீருக்குள் இறங்கி நின்றுவிட்டது. அக்கரையில் ஒரு குன்று, இக்கரையில் வலை காயப்போட்ட இரண்டு படகுகள். அம்மா இறங்கிப் போய்த் தண்ணீர் ஓரத்தில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். அப்பா அவளிடம் போகவில்லை. துணியை எடுத்துக் காரின் முன்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

அவள் திரும்பி வந்ததும், "ரயில்ல டிக்கெட் எடுக்கட்டுமா? நான் வரலை. நீயும் பாப்பாவும் மட்டும் போயிட்டு வாங்க" என்றார்.

"கூப்பிடாத வீட்டுக்கா?" என்றாள் அம்மா. காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டே, "உங்கள வெளிய விட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போக?" என்றாள்.

எந்த வீடு என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவை யார் வெளியே விட்டார்கள் என்றும் தெரியவில்லை. காரைத் திருப்ப இடம் போதாமல் அப்பா முன்னும் பின்னுமாக நெடுநேரம் திணறினார். அம்மா இடக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வலக்கையை அவர் தோளில் வைத்தாள். பின்சீட்டில் கடலை மிட்டாயைக் கடித்தபடி, பாவம், அப்பாவுக்கு மராத்தி போதாது, அடுத்த முறை வழியை நானே கேட்டுச் சொல்லவேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.