கழுத்துக்குப் போன கை

சீட்டாட்டத்துக்கு நடுவர், அந்த நடுவருக்கு ஒரு உரிம அட்டை என்று சொன்னால் இப்போது உள்ளவர்கள் சிரிப்பார்கள். என்னிடம் இருந்தது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பெண்கள் ஆடுகிற 'இருபத்தெட்டு' என்கிற சீட்டாட்டப் போட்டிகளுக்கு அட்டை பெற்ற நடுவர் நான் ஒருத்திதான். எனக்குப் படிப்பு வராது, என் பெயரை எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்பவருக்குப் பொறுமை போய்விடும். ஆனால் சீட்டைக் கையில் பிடித்திருக்கிற தோரணையைப் பார்த்தே யாரிடம் பெரிய சீட்டான ஜாக்கி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

அட்டையை ஆண்டுக்கொரு தடவை புதுப்பிக்கவேண்டும். தவறினால் நடுவர் நாற்காலி கிடையாது. ஆடி மாதப் போட்டிக்குச் சீட்டாட்டச் சங்கத்திலிருந்து பரிசோதகர் வருவார். முதலில் விதிகளைக் கேட்பார், வாயால் பதில் சொல்லவேண்டும். அப்புறம் அவர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆட்டத்தை நடத்திக் காட்டவேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் அட்டையில் முத்திரை விழும்.

எனக்கு விதிகளை வாசித்துக் காட்டுவது என் மகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்த பிறகும் அந்த வேலை அவளுடையதுதான். நான் சொல்லவந்த வருஷமும் பஸ் ஏறிப் போய் அவள் அடுப்படியில் உட்கார்ந்தேன். புதிதாக ஒரு விதி சேர்த்திருந்தார்கள். எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்கும்போது ஆடுகிறவர் நகையைத் தொட்டால் அது கள்ள ஜாடை, அந்தக் கை, அதாவது அந்தச் சுற்று, தோல்வி.

அந்த விதி வந்ததே என்னால்தான். இருபத்தெட்டில் நாலு பேர் ஆடுவார்கள், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். தன்னிடம் என்ன சீட்டு இருக்கிறது என்று கூட்டாளிக்குக் குறிப்பு காட்டக்கூடாது. முந்தின வருஷம் இரண்டு பேர் மூக்குத்தியைத் தொட்டால் இஸ்பேட், கம்மலைத் தொட்டால் டைமன், தாலியைத் தொட்டால் ஆர்ட்டின் என்று பேசிவைத்து ஆடியதைப் பிடித்தது நான். சங்கத்தில் எல்லாரும் மெச்சினார்கள்.

மகள் வாசிக்கும்போது சம்பந்தியம்மாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவரும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார், நன்றாக ஆடுவார்.

"ஏன் மதினி, மூக்கு அரிச்சா என்ன செய்ய? பரிசோதகரைக் கூப்பிட்டுச் சொறியச் சொல்லவா?" என்றார்.

"அரிக்காத மூக்கா பாத்து மாட்டிட்டு வாங்க" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

அவர் வீட்டுக்காரருக்கு அப்போது நெஞ்சுவலி வந்து மதுரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டே நாளாகியிருந்தது. "போட்டிக்குப் போயிட்டு வா, கொஞ்சம் மனசு மாறும்" என்று அவர் வீட்டுக்காரரே சொல்லி அனுப்பினாராம்.

போட்டி கோயிலுக்கு அடுத்த தெருவில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சம்பந்தியம்மாளும் அவர் பக்கத்து வீட்டுக்காரியும் ஜோடி. ஜெயித்துக்கொண்டே வந்து கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். பரிசோதகர் என்னைப் பார்த்து, "இந்த ஆட்டத்தை நடத்துங்க, பாக்கறேன்" என்றார். சம்பந்தி ஆடுகிற ஆட்டத்துக்கு நான் நடுவராக இருப்பது முறையில்லை என்று தெரிந்தது. சொல்லி விலகியிருக்கலாம். பயந்துவிட்டாள் என்று நினைப்பாரோ என்று வாயைத் திறக்கவில்லை.

கடைசிக் கை. பக்கத்து வீட்டுக்காரி ஏலம் கேட்கவேண்டிய நேரம். கோயிலில் உச்சிக்கால மணி அடித்தது. சம்பந்தியம்மாள் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மணி கேட்டால் எங்கள் பக்கத்தில் சுமங்கலிகள் செய்கிறதுதான். நானும் செய்கிறவள்தான். அன்றைக்கு நடுவர் நாற்காலியில் இருந்ததால் என் கை மடியிலேயே இருந்தது.

பரிசோதகர் என் பக்கம் திரும்பினார். அவர் கேட்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "நகையைத் தொட்டாச்சு. கை தோல்வி."

பக்கத்து வீட்டுக்காரி எழுந்துவிட்டாள். "ஏங்க, மணி அடிச்சது உங்க காதுல விழலையா? சாமிக்குக் கும்பிட்டது கள்ள ஜாடையா? அவிய வீட்ல மனுசர் கெடக்குற கெடையில..."

"உக்காரு ஏட்டி" என்று சம்பந்தியம்மாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தார். "விதி விதிதான். மதினி சரியாத்தான் சொல்லியிருக்காக."

என் முகத்தைப் பார்க்காமல் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து அடுக்கி மேஜையின் நடுவில் வைத்தார். பின்னால் இருந்த பெண்களில் யாரோ, "தாலியை வச்சே ஜாடையாம்ல" என்று கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. அவருக்குக் கேட்காமலா இருந்திருக்கும்.

எல்லாரும் போன பின் பரிசோதகர் அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தார். கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னார். "அந்தம்மா மணிக்குத்தானே கும்பிட்டாங்க? நீங்க விட்டிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

அந்தச் சொல்லை நான் ராஜபாளையம் வரைக்கும் பஸ்ஸில் சுமந்துகொண்டு வந்தேன்.

மகளை அந்த வீட்டில் என்ன பாடு படுத்துவார்களோ என்று பயந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மகள் வந்தபோது கேட்டேன். "அத்தை ஒரு வார்த்தை சொல்லலம்மா. திட்டினாக்கூட எனக்கு ஆறிரும்" என்றாள். வீட்டுக்காரருக்கு உடம்பு தேறியது. சம்பந்தியம்மாள் மட்டும் அதற்குப் பிறகு சீட்டைத் தொடவில்லை.

மறு வருஷம் அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும். விதிகளைக் கேட்டு முடித்ததும் பரிசோதகரிடம், "கோயில் மணி அடிச்சா எல்லாரும் சீட்டைக் கவுத்து வச்சிரணும், மணி நின்ன பொறவுதான் ஏலம், அப்படி ஒண்ணு சேத்துக்கிடுங்க ஐயா" என்றேன். யோசித்துவிட்டு, நல்ல யோசனை என்று எழுதிக்கொண்டார்.

நேரே சம்பந்தியம்மாள் வீட்டுக்குப் போனேன். மாவாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "இந்த வருசம் நீங்க ஆடணும் மதினி. நான் வேற மேசைக்குப் போயிருதேன்" என்றேன்.

மாவைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டார். "இனிமே எந்தப் பொம்பளைக்கும் தாலியை வச்சு ஜாடை காட்டுனாங்கிற பேச்சு வராதுல்ல?"

"வராது."

"அப்ப நல்லதுதான் மதினி. எனக்கு வந்தது வந்ததுதானே."

குழவியைச் சுற்றுவதை அவர் நிறுத்தவில்லை. நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஊறிய அரிசியை அள்ளி அள்ளிக் குழிக்குள் போட்டுக்கொடுத்தேன். நான் போடப் போட, என் கைக்கு இடம் விட்டுக் குழவியைச் சுற்றினார்.