ஒரு சொட்டு ரத்தமும் வராத காவடி

போன வருடம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம். பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் வாடகை வீட்டில், ஆட்டோ ஓட்டும் என் கணவர் காவடி எடுக்க விரதம் இருந்தார்.

அவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பதைச் சில மாதங்களுக்கு முன்புதான் கண்டுபிடித்திருந்தார்கள். இதயத்தில் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய் அடைத்துவிடலாம் என்று சொல்லி, ரத்தம் உறையாமலிருக்க டாக்டரம்மா மாத்திரை கொடுத்திருந்தார். நீங்களாக நிறுத்தக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

வருடா வருடம் அவர் கன்னத்தில் அலகு குத்திக்கொள்வார். விரதம் சுத்தமாக இருந்தால் ரத்தம் வராது என்பது எங்கள் நம்பிக்கை.

"இத போட்டா ரத்தம் நிக்காதுல்ல. எல்லார் முன்னாடியும் ஒழுகுச்சுன்னா, விரதத்துல கறி தின்னுட்டான்னு ஏரியாவே சிரிக்கும்" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாங்க" என்றேன்.

"அவங்களுக்கு அலகப் பத்தி என்னா தெரியும்? சும்மா பயமுறுத்துவாங்க. நீ போய் பூ வாங்கிட்டு வா."

கிருத்திகை அன்று அலகு குத்தியபோது ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை. அவர் காவடியோடு ஆடி வந்ததைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதன் பிறகு மாத்திரையை எடுத்துக் கொடுத்தால், "பாத்தல்ல? முருகனே சரி பண்ணிட்டான்" என்று சிரிப்பார். நன்றாகத்தான் இருந்தார், ஆட்டோவும் ஓட்டினார்.

ஆவணியில் ஒரு காலை, காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்தார். ஏதோ சொல்ல வந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர்தான் அவரைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

நடந்ததையெல்லாம் கேட்ட டாக்டரம்மா திட்டவில்லை. "என்னக் கேட்டிருந்தா, அலகு வேணாம், காவடி மட்டும் தூக்குங்கன்னு சொல்லியிருப்பேனேம்மா" என்றார். அவ்வளவுதான்.

உயிர் பிழைத்தார். வலது கை எழவில்லை. பேச்சும் திரும்பவில்லை. இப்போது மாத்திரையை நான்தான் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுக்கிறேன். இந்த ஆடியில் காவடிகள் எங்கள் தெரு வழியாகப் போனபோது, கூட்டத்தோடு சேர்ந்து அரோகரா சொல்லப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. இடது கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

முருகன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அலகு குத்தாமல் போயிருந்தாலும் அவன் அந்தக் காவடியை ஏற்றுக்கொண்டிருப்பான் என்ற நினைப்புதான் விளக்கேற்றும்போதெல்லாம் என்னை அறுக்கிறது.