இரண்டு தட்டு வரும்வரை

இது நடந்தது. பயமுறுத்துவதற்காக ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரங்களை ஞாபகத்திலிருந்தும் எழுதவில்லை. அன்று ஜீப்பின் முன் இருக்கையில் இருந்தபடியே குறித்த கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் எழுத்து கோணலாகி, ஒரு இடத்தில் பேனை தாளைக் கிழித்திருக்கிறது.

என் பெயர் கோபிகா. பகலில் வட்டுக்கோட்டையில் ஒரு கராஜில் வேலை பழகுகிறேன். வாரத்தில் மூன்று நாள் மாலையில் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் வாகனம் திருத்தும் வகுப்பு. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் குறிப்பு எழுத வேண்டும். செய்யவேண்டியதை முதலில் வரிசையாக எழுதி, செய்து முடித்ததும் பக்கத்தில் சரி போட வேண்டும். எனக்கு என்மேல் நம்பிக்கை குறைவு. ஒரு போல்டை இறுக்கிவிட்டு மூன்று தரம் திரும்பிப் பார்ப்பேன். அதனால் கொப்பி இல்லாமல் ஒரு வாகனத்துக்குக் கீழும் போகமாட்டேன்.

போன கார்த்திகை. மூன்று நாளாக விடாத மழை. எங்கள் கராஜுக்கு வழமையாக வரும் நோர்மன் சேரின் வீடு வயல்களுக்கு நடுவே ஒரு ஒழுங்கையின் முடிவில் இருக்கிறது. ஒழுங்கை முழுவதும் தண்ணீர். ஓட்டோ போகாது. அம்புலன்சும் வரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய மனைவி தேவமலர் அன்ரிக்கு இருதய வால்வு பழுது. வீட்டுக்குள் பத்து அடி நடந்தாலே கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏழு மாதம் காத்திருந்து ஒபரேஷனுக்குத் திகதி கிடைத்திருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். தவறினால் அடுத்த திகதி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அந்தத் தண்ணீரைக் கடக்கக்கூடியது சேரின் பழைய நான்கு சக்கர இழுவை ஜீப் மட்டும்தான். அதுவும் கிளச்சை மிதித்தால் கத்தியது.

கராஜிலிருந்து கனிசியஸ் அண்ணையும் நானும் சாமான்களோடு போனோம். அவர் குருநகர்க்காரர். வாய் ஓயாது. நான் இருக்கையில் ஏறி மிதித்தேன். கிர்ர்ர்ர்... காலை எடுத்தேன். அமைதி. மறுபடி மிதித்தேன். கிர்ர்ர்ர்...

“பயப்பிடாதையும் தங்கச்சி, உது பேயில்லை. பெயாரிங்,” என்றார் அண்ணை.

சரிதான். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளச் றிலீஸ் பெயாரிங். கியர்பொக்ஸை இறக்கினால்தான் அதை மாற்றலாம். காலை 9.15க்குத் தொடங்கினோம். கழற்றிய பெயாரிங்கைக் கையில் சுற்றிப் பார்த்தேன். உள்ளே மண் அரைபடுவது போல இருந்தது. புதியதைப் போட்டு, கியர்பொக்ஸைத் திரும்ப ஏற்றும்போது மாலை 5.50.

மிச்சம் ஒரு வேலைதான். கிளச்சின் ஒயில் குழாயைக் கழற்றியதால் உள்ளே காற்றுப் போயிருந்தது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே இருந்து பெடலை மிதித்துப் பிடிப்பார். மற்றவர் கீழே படுத்து ஒரு சிறு திருகைத் திறந்து, காற்று வந்ததும் மூடுவார். மூடும் முன் மேலே இருப்பவர் காலை எடுக்கவே கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். செய்த வேலை எல்லாம் வீண்.

“வகுப்பிலை தட்டித்தான் சொல்லுறவை, அண்ணை. ஒரு தட்டு எண்டால் மிதிச்சுப் பிடிக்கோணும். ரெண்டு தட்டு எண்டால் விடோணும்.”

“அப்ப என்ரை வாய் என்னத்துக்கு இருக்கு? மீன் விக்கவோ?”

ஒயில் போதவில்லை. இருந்த கடைசிச் சொட்டையும் முன்னால் உள்ள சிறு தாங்கியில் மேல்கோடு வரை ஊற்றினேன். போத்தல் வெறுமையானது. 6.25க்கு அண்ணை சந்திக் கடைக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார்.

“கொப்பியிலை நான் போன நேரத்தையும் எழுதும். வந்தாப் பிறகு சம்பளத்திலை கழிக்கலாம்.”

எழுதினேன்.

6.40. மழை இன்னும் கனத்தது. ஜீப் நின்ற கொட்டிலின் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. முற்றத்துத் தண்ணீர் கொட்டிலுக்குள் வரத் தொடங்கியது. கணுக்கால் நனையும் அளவு. செருப்பைக் கழற்றிவிட்டு ஜீப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஜீப்புக்குக் கீழே தொங்கவிட்டிருந்த லைட்டின் வெளிச்சம் தண்ணீரில் ஆடியது. குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

6.47. கீழே தண்ணீர் அசையும் சத்தம். யாரோ முதுகைத் தரையில் தேய்த்து உள்ளே நகர்வது போல. பிறகு ஸ்பனர் இரும்பில் படும் சத்தம்.

“அண்ணை, அதுக்குள்ளை வந்திட்டியளோ?”

பதில் இல்லை. மோட்டார் சைக்கிள் வந்த சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. மழைதானே என்று நினைத்தேன்.

6.48. டொக்.

ஒரே ஒரு தட்டு. என் காலுக்கு நேர் கீழே.

சிரிப்பு வந்தது. என்னைப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். மிதித்துப் பிடித்தேன். பெடல் சேற்றில் கால் வைத்தது போலப் புதைந்தது.

டொக். டொக்.

விட்டேன்.

டொக்.

மிதித்தேன். இரண்டாம் தரம். மூன்றாம் தரம். கொப்பியில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே போனேன். பெடல் மெல்ல மெல்ல இறுகியது. நல்ல வேலை. ஒரு தட்டுக்கும் மற்றதுக்கும் இடையில் ஒரே அளவு நேரம்.

ஆனால் கனிசியஸ் அண்ணை அப்படி வேலை செய்பவர் இல்லை. பாடுவார். ஏசுவார். ஒயில் கண்ணில் பட்டால் முழு ஊரையும் கூப்பிடுவார். கீழே இருந்து ஒரு இருமல்கூட வரவில்லை.

“அண்ணை, ஏன் கதைக்கிறியள் இல்லை?”

டொக்.

மிதித்தேன். ஏழாம் தரம்.

6.52. பட்.

கீழே லைட் அணைந்தது. கறண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு வீட்டைப் பார்த்தேன். முன் அறையில் லைட் எரிந்துகொண்டிருந்தது.

இறங்கி லைட்டைப் பார்க்கலாம் என்று கதவில் கை வைத்தேன். ஆனால் என் கால் பெடலில். விடச் சொல்லி இரண்டு தட்டு வரவில்லை. விட்டால் காற்று உள்ளே போய்விடும். காத்திருந்தேன்.

டொக். டொக்.

விட்டேன். மறுபடி கதவில் கை வைத்தேன்.

டொக்.

உடனே. முன்னையதைவிடப் பலமாக.

மிதித்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. கீழே துப்பரவாக இருட்டு. அந்தத் திருகு ஒரு உளுந்தளவு. வெளிச்சம் இருந்தாலே தேட வேண்டும். தட்டோ நேரம் பிசகாமல் வந்துகொண்டிருந்தது...

எட்டு. ஒன்பது. பத்து. இருபதும் தாண்டியது.

7.04. போன் அடித்தது. திரையில் கனிசியஸ் அண்ணையின் பெயர்.

“தங்கச்சி, பைக் தண்ணிக்கை நிண்டிட்டுது. உருட்டிக்கொண்டு வாறன். இன்னும் பத்து, பதினைஞ்சு நிமிசம் செல்லும்.”

“அண்ணை...”

“என்ன?”

“நீங்கள்... ஜீப்புக்குக் கீழை இல்லையோ?”

“எந்த ஜீப்புக்குக் கீழை? நான் அம்மன் கோயிலடியிலை நனைஞ்சுகொண்டு நிக்கிறன்.”

இணைப்பு அறுந்தது.

என் கால் பெடலில் இருந்தது.

கீழே ஒரு சத்தமும் இல்லை.

ஓட வேண்டும். அது மட்டும்தான் மனதில். கதவுக் கைபிடியை இழுத்தேன். கதவு திறந்தது. சாரல் முகத்தில் அடித்தது. காலைப் பெடலிலிருந்து எடுத்து வெளியே நீட்டினேன்...

டொக்டொக்டொக்டொக்டொக்!

இருக்கை அதிர்ந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கையில் ஒடுங்கினேன்.

அமைதி.

போன் வெளிச்சத்தில் பெடலைப் பார்த்தேன். அது மேலே வரவில்லை.

யாரும் மிதிக்கவில்லை. அடிவரை போய், அப்படியே நின்றது.

7.09.

7.12.

தட்டு இல்லை. பெடலும் எழும்பவில்லை. கீழே இருந்தது எதற்கோ காத்திருந்தது.

நானும்...

7.19. வாசல் படலையடியில் டோர்ச் வெளிச்சம். கனிசியஸ் அண்ணை. கையில் ஒயில் போத்தல். கொட்டில் வாசலில், தண்ணீரில் ஒரு காலை வைத்தார்.

அலறினார். பின்னால் சேற்றில் விழுந்தார்.

“கறண்ட்! தண்ணிக்கை கறண்ட்! இறங்காதை பிள்ளை! காலை வைக்காதை! சேர்! மெயினை நிப்பாட்டுங்கோ! மெயினை!”

வீட்டில் கதவுகள் அடிபட்டன. சேர் ஓடும் சத்தம்.

7.21. வீடு முழுவதும் இருண்டது.

அப்போது, என் காலடியில், மிக மெதுவாக...

டொக்.

டொக்.

பெடல் மேலே வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணை டோர்ச்சோடு குனிந்து கீழே பார்த்தார். யாரும் இல்லை. தண்ணீரில் ஒரு வளையம்கூட இல்லை. லைட் வயரின் நடுவில் இன்சுலேஷன் ரேப் சுற்றிய ஒரு மூட்டு தண்ணீருக்குள் கிடந்தது. என் கொப்பியில் ஐந்தாவது வரி: “லைட் வயரை உயர்த்திக் கட்டல்.” பக்கத்தில் சரி போட்டிருந்தது. கட்டக் கயிற்றைக் கையில் எடுத்ததும் சரி போட்டிருக்கிறேன். அந்த நேரம் அண்ணை கியர்பொக்ஸைப் பிடிக்கக் கூப்பிட்டார். போய்விட்டேன். கயிறு மேசையிலேயே கிடந்தது.

கறண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிச் மழைக்கு அடிக்கடி விழுகிறது என்று, சேர் அதைக் கழற்றி, நேரடியாகக் கறண்ட் கொடுத்திருந்தார். நான் ஒரு காலை நிலத்தில் வைத்திருந்தால் போதும்.

திருகு இறுக்கமாக மூடியிருந்தது. வெளியே வரும் ஒயிலைப் பிடிக்க நாங்கள் கீழே கட்டியிருந்த போத்தலில் பாதிக்குக் கறுத்த ஒயில். மேலே தாங்கியைத் திறந்து பார்த்தோம். அவ்வளவு ஒயில் வெளியே வந்தால் அது வெறுமையாக இருக்க வேண்டும்.

மேல்கோடு வரை நிரம்பியிருந்தது.

கனிசியஸ் அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். என்ஜினை இயக்கிக் கிளச்சை மிதித்தார். சத்தம் இல்லை. திரும்பத் திரும்ப மிதித்தார். இல்லை.

“இதிலை அன்ரியைக் கொண்டுபோகலாமோ அண்ணை?” என்று கேட்டேன்.

அவர் என்ஜினை நிறுத்தினார். “வேறை என்னத்திலை கொண்டுபோறது?”

மறுநாள் காலை 5.30க்குப் புறப்பட்டோம். சேர் ஓட்டினார். பின்னால் நான் அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கையின் நடுவில் தண்ணீர் கதவின் அடிவரை வந்தது. இரண்டு இடத்தில் நிறுத்தி எடுக்க வேண்டியிருந்தது. கிளச் ஒரு தரமும் பிசகவில்லை. 6.40க்கு ஆஸ்பத்திரி வாசல். அன்ரிக்கு ஒபரேஷன் நடந்தது. இப்போது நடந்து கோயிலுக்குப் போகிறார்.

நான் இதோடு விட்டிருக்கலாம். ஆனால் என்னால் முடியவில்லை. பயத்தில் நானே தட்டுகளைக் கற்பனை செய்தேனோ? பெடல் தானாகச் சிக்கி நின்றிருக்குமோ? அந்த ஜீப்பை நான்கு வருடத்துக்கு முன் சங்கானையில் முருகேசு என்பவரிடம் வாங்கியதாகச் சேர் சொன்னார். பத்தாம் நாள் அண்ணையும் நானும் அங்கே போனோம். சின்னக் கராஜ். அவர் தனியாக ஒரு ரயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஜீப்பின் நம்பரைச் சொல்லி, கிளச்சில் காற்று எடுக்கும்போது ஒரு விஷயம் நடந்தது என்று மட்டும் சொன்னேன்.

அவர் நெம்பியைக் கீழே வைத்தார்.

“தட்டினவனோ?”

நான் தலையாட்டினேன். அவர் தொடர்ந்தார்.

“சிமியோன் எண்டு என்னோடை வேலை செய்தவன். காது நல்லாக் கேக்கும். ஆனால் பிறந்ததிலை இருந்து கதைக்க ஏலாது. கீழை படுத்தால் தட்டித்தான் சொல்லுவான். ஒண்டு எண்டால் மிதி. ரெண்டு எண்டால் விடு. அண்டைக்கும் மழை. உதே ஜீப், உதே வேலை. நான் மேலை. பட்டெண்டு லைட் நிண்டுது. கறண்ட் போயிட்டுதாக்கும் எண்டு நினைச்சன். அவன் தட்டினான். நான் மிதிச்சன். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணியிலை கறண்ட் அடிக்குது எண்டு ஓடிவந்து மெயினை நிப்பாட்டினவை. அதுக்குப் பிறகுதான் கடைசி ரெண்டு தட்டும் வந்தது. நான் இறங்கிக் குனிஞ்சு பார்த்தன்...”

கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“லைட் நிண்ட அந்தக் கணமே ஆள் முடிஞ்சுதாம். டொக்டர் சொன்னவர். அதுக்குப் பிறகு அரை மணித்தியாலம், தங்கச்சி... சுணங்கிச் சுணங்கித் தட்டுறான் எண்டு, நான் மேலை இருந்து அவனை ஏசிக்கொண்டிருந்தனான்.”