காஃபீன் எடுத்த காப்பியும் காலேஜ் பஸ்ஸும்

காப்பித்தூள் கடைக்காரனுக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள், காஃபீன் நீக்கிய தூளைக் கொஞ்ச நாள் விற்றுப் பார்க்கட்டும். விழுப்புரத்தில் நான் அதைத்தான் செய்கிறேன். கடை வைத்து இதே பயத்தோடு உட்கார்ந்திருக்கும் சகோதரர்களே, உங்களுக்குப் புரியும்.

எடுத்ததும் போட்டதும்

வளவனூரிலிருந்து வந்த ஓர் அம்மா, பொட்டலத்தைக் கையில் வாங்கும் முன்பே, காஃபீனை எப்படி எடுப்பார்கள் என்று விசாரித்தார். பச்சைக் கொட்டையை ஊறவைத்துக் காஃபீனை இறக்கிவிட்டு, அப்புறம்தான் வறுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சிலர் தண்ணீரில், சிலர் மருந்தில் என்று உளறியும் தொலைத்தேன். பொட்டலத்துக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“காஃபீன எடுத்தாங்க, சரி. எடுக்கறதுக்குப் போட்டத எடுத்தாங்களா?”

ஒரே மிஷின்

நெஞ்சு படபடப்புக்காக டாக்டர் சாதாக் காப்பியை நிறுத்தச் சொன்ன ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் என் வாடிக்கை. இரண்டு தூளுக்கும் நிறம், வாசனை எல்லாம் ஒன்றுதான். மாறினால் எனக்கே தெரியாது. அதனால் அவருக்கு அரைக்கும் முன் மிஷினைத் துடைத்து, முதல் பிடியைக் கீழே கொட்டிவிடுவேன். அப்படியும் ஒருமுறை அவரைச் சில நாள் காணவில்லை. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். கடைசியில் வந்தார். பனமலையில் மகள் வீட்டில் இருந்தாராம். புதுப் பொட்டலத்தை மோந்து பார்த்ததும் முகம் மாறியது.

“இவ்ளோ வாசனையா கீதே, மாத்திக் குடுத்துட்டியாப்பா?”

பிளாஸ்க்

என் மகள் தினமும் திண்டிவனம் போய்ப் படிக்கிறாள். அவளுடைய காலேஜ் பஸ் டிரைவருக்கு ராத்திரியில் தூக்கம் வராது என்று அவர் மனைவி என்னிடம் காஃபீன் இல்லாத தூள் வாங்கிப் போயிருந்தார். ஒருநாள் காலையில் மறுபடி வந்தார். “பஸ்ஸுக்கு எடுத்துக்கினு போற பிளாஸ்க்லயும் அதையேதான் ஊத்திக் குடுக்கறேன்ணா. அவருக்குச் சொல்லல” என்றார்.

 அந்த மனுஷன் காப்பியை நம்பித்தான் கண் விழித்து ஓட்டுகிறார். பஸ் அப்போது நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும். மகளுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு ஓடினேன். வழியில் எங்கே கூட்டம் தெரிந்தாலும் உயிர் போய் உயிர் வந்தது.

காலேஜ் வாசலில் பஸ் பத்திரமாக நின்றது. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டப்போகிறார் என்று நினைத்தால், சிரித்தார்.

“அதான் விஷயமா! இப்பல்லாம் ராத்திரி அடிச்சிப் போட்ட மாதிரி தூங்கறேன்ணா. வண்டி ஓட்டசொல்லோ கொட்டாவியே வர்றதில்ல. அதையே குடுங்க.”

ஆக, வாங்கியவர்கள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். விற்ற நான்தான், பஸ் திண்டிவனம் சேர்ந்ததென்று மகள் போன் பண்ணும்வரை தினமும் சாதாக் காப்பியாகக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.