குதிகாலுக்கு அடியில் ஒரு சீட்டு

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த காலையில், கடையைத் திறக்கும்போது போன் வந்தது. ரெஜினா சிஸ்டர் போய்விட்டார். தென்காசியில் குழந்தை டாக்டரின் கிளினிக்கில் பிள்ளைகளை அளந்து, எடை போட்டு, பெற்றோருக்கு ஊசி போடப் பழக்கியவர். அவரிடம் திட்டு வாங்காத தகப்பன் உங்களில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நான் நிறைய வாங்கியவன்.

என் மகள் செல்விக்கு ஒன்பது வயதில் ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம்தான். வளர்ச்சி ஹார்மோன் போதவில்லை, தினமும் ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். எலும்பு முற்றிவிட்டால் மருந்து கேட்காது என்றும் சொன்னார். ஆறு மாதம் போட்டோம், அசையவில்லை. பலனில்லை என்று நிறுத்திவிடுவார்களோ என்று பயந்துபோய், அளக்கும் நாளில் மகளின் காதில் நானே சொன்னேன்: "லேசா எக்கி நின்னுக்கோட்டி."

சிஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை நிற்கும் இடத்தில் ஒரு துண்டுச் சீட்டைப் போட்டு, நின்றபின் குதிகாலுக்கு அடியிலிருந்து இழுத்துப் பார்ப்பார். குதிகால் ஊன்றியிருந்தால் சீட்டு வராது, கிழியும். செல்வியின் சீட்டு வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. சிஸ்டர் பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பொய் அளவ எழுதினா மருந்து வேலை செய்யுதுன்னு நம்பிருவோம். பெறவு கோளாறு எங்கன இருக்குன்னு யாரு தேடுவா? மருந்த எதுல வைக்கிய?"

"நம்ம கடை ஐஸ்கிரீம் பெட்டியிலதான் சிஸ்டர். கல்லு மாதிரி இருக்கும்" என்றேன் பெருமையாக. குளிர் கூடக்கூட நல்லது என்பது ஐஸ் விற்பவனின் புத்தி.

சிஸ்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "உறைஞ்சா அது மருந்தே இல்ல அண்ணாச்சி. இத்தன நாளும் புள்ளைக்கு வெறும் குத்துதான். நானும் அழுத்திச் சொல்லாம விட்டுட்டேன்."

மறுநாளே வீட்டுக்கு வந்து, பிரிட்ஜின் நடுத்தட்டில் தோசை மாவுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். புது மருந்து கேட்டது. அடுத்த வருடமே செல்வியின் பள்ளிப் பாவாடை கட்டையானது. அதன்பிறகு புதிதாக வரும் பெற்றோரிடம் சிஸ்டர் கேட்கும் முதல் கேள்வி, "வீட்ல ஐஸ்கிரீம் பெட்டி இருக்கா?" கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அன்று நான் எடுத்து வைத்துக்கொண்ட, கிழியாத அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

ஆய்க்குடியில், சிஸ்டரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க, அவர் வீட்டு முற்றத்தில் நல்ல கூட்டம். இப்போது கல்லூரியில் படிக்கும் செல்வி என் தோளுக்கு மேல் இருக்கிறாள். ஆனாலும் முன்னால் நின்றவர்கள் மறைத்தார்கள். "எக்கிப் பாரும்மா" என்றேன்.

அவள் அழுதபடியே தலையாட்டி மறுத்தாள். "வேண்டாம்ப்பா. சிஸ்டருக்குத் தெரிஞ்சிரும்."

இரண்டு பேரும் குதிகாலை ஊன்றி, கூட்டம் வழிவிடும்வரை நின்றோம்.