தானாக வளர்ந்த மீன்

தியாகராய நகரில் இப்போது மாடி வீடுகள் நெருங்கி நிற்கும் ஒரு தெருவில்தான் எங்கள் மீன் குட்டை இருந்தது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "அங்கே முன்னே சும்மா கிடந்த பள்ளம்தானே" என்றார். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

புது வீடுகளுக்கு அங்கே செங்கல் அறுத்தார்கள். அப்பா அறுப்பார், அம்மா சுமப்பாள். நல்ல மண் தீர்ந்ததும் சூளைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. மண் தோண்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றது. சூளைக்காரர் கிளம்பும்போது அம்மா, "இதுல மீன் வுட்டுக்கட்டுமா சாமி?" என்று கேட்டாள். "வுட்டுக்கோ, எனக்கின்னா" என்றார். வாய்ச்சொல்தான். அது போதும் என்று நம்பினோம்.

பக்கத்துக் குடிசையில் ஒரு முஸ்லிம் அக்கா. ஜட்கா வண்டி ஓட்டிய புருஷன் செத்துப்போய்ப் பிழைப்பில்லாமல் இருந்தவள். அவளும் அம்மாவும் சைதாப்பேட்டை ஆற்றோரம் பழைய புடவையை விரித்துப் பிடித்துக் கெண்டைக் குஞ்சுகளை அள்ளினார்கள். குஞ்சு செத்துவிடக் கூடாதென்று பானைத் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே நடந்து வந்தார்கள். தவிடும் பிண்ணாக்குத் தூளும் தேடிக் கொண்டுவந்து போட்டார்கள். கோடையில் தண்ணீர் வற்றினபோது கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். திருட்டு வலை விழாமல் இருக்கக் கருவேல முள்ளை வெட்டிக் கல்லைக் கட்டி அடியில் அமுக்கினார்கள். இதெல்லாம் சும்மாவா?

ஐப்பசி, கார்த்திகையில் புயல் அடித்தால் பட்டினப்பாக்கத்துக் கட்டுமரங்கள் கடலுக்குப் போகாது. மழையில் அப்பாவுக்குக் கூலி வேலையும் கிடைக்காது. அந்த நாட்களில் எங்கள் வரிசைக் குடிசை எல்லாவற்றிலும் அந்தப் பள்ளத்து மீன்தான் கொதித்தது. மிச்சத்தைக் கூடையில் கொண்டுபோய் விற்றுத்தான் அரிசி.

இரண்டு மழைக்காலம் இப்படிப் போயிற்று. அடுத்த மழைக்கு முன்னால் பள்ளம் இருந்த மனையை ஒரு பெரிய மனிதர் வாங்கினார். அவருடைய கணக்குப்பிள்ளை, குப்பத்திலிருந்து ஒரு வலைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஐப்பசி வரைக்கும் வுடுங்க சாமி. மீனைப் புடிச்சுக்கினு நாங்களே போயிடறோம்" என்று அம்மா கெஞ்சினாள்.

"மழை பெய்யுது, மீன் தானா வளருது. நீ என்னம்மா பண்ணினே? இடுப்புல தூக்கி வெச்சுச் சோறு ஊட்டினியா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சின்னப் பிள்ளை நான், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வலைக்காரர் வீசினார். இழுத்தால் வலை வரவில்லை, கிழிந்தது. "அடியில முள்ளு கீதுய்யா! இது வளத்த குட்டை. மின்னாடியே சொல்றதில்ல? என் வலைக்கு யாரு பதில் சொல்றது?" என்று அவர் கணக்குப்பிள்ளையிடம் பாய்ந்தார்.

அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "தானா வளந்த மீனாச்சே நைனா. முள்ளும் தானா கல்லைக் கட்டிக்கினு எறங்கியிருக்கும்."

வலைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கணக்குப்பிள்ளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இறங்கி முள்ளை எடுங்க. கூலி தரேன்" என்றார்.

அதுவரை சாமி, சாமி என்றிருந்த அம்மா, "என் மீனை உனக்குப் புடிச்சுக் குடுக்க எனக்குக் கூலியா? நீயே எறங்கு" என்றாள்.

மறுநாள் ஆயில் என்ஜின் வைத்துத் தண்ணீரை இறைத்துத் தெருவில் விட்டார்கள். சத்தம் கேட்டு எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் ஓடிவந்து சேற்றில் குதித்தார்கள். கைக்கு அகப்பட்டதை அள்ளினார்கள், அகப்படாததை மிதித்தார்கள். கணக்குப்பிள்ளைக்கும் சேறு அப்பிய இரண்டு கூடைதான் மிச்சம். விரல் நீளக் குஞ்சுகள் வெயிலில் வாயைத் திறந்து திறந்து மூடின. ஐப்பசி வரை விட்டிருந்தால் ஒரு தெருவே சாப்பிட்டிருக்கும். அவருக்கும் உதவவில்லை, எங்களுக்கும் வைக்கவில்லை. எதிர்த்துப் பேசின அம்மாவின் வாயை அடக்குவதற்காக அத்தனை சோற்றையும் சேற்றில் கொட்டினார்கள்.

அந்த மழைக்காலத்தில் எங்களுக்குக் கஞ்சிக்கே திண்டாட்டம். மழை விட்ட நாட்களில் கிடைத்தது ஒரே வேலை. பள்ளத்தை மூட மண் சுமப்பது. அம்மா போனாள். நானும் கூடவே போய் ஓரமாக நின்றேன்.

கணக்குப்பிள்ளை குடைக்குக் கீழே நின்றுகொண்டு, "பார்த்தியா, இதுக்குப் பேர்தான் வேலை" என்றார்.

அம்மா கூடையைக் கவிழ்த்துவிட்டு அடுத்த கூடைக்குத் திரும்பினாள். பதில் இல்லாமல் இல்லை. சாயங்காலம் அந்த ஆள் கையால் கூலி வாங்கினால்தான் வீட்டில் உலை ஏறும்.